இரண்டாம் பிணைய இடைமுகம்: இரு வலைகளின் நடுவே நின்ற கணினியின் வரலாறு

கணினி ஒன்று பிணையத்தோடு சேரும் வாயிலைப் பிணைய இடைமுகம் என்பர். பேச்சு வழக்கில் அது நெட்வொர்க் கார்டு. ஒரே கணினிக்கு இத்தகைய வாயில் இரண்டு இருந்தால், கூடுதலாக வைக்கப்பட்டது இரண்டாம் பிணைய இடைமுகம் ஆகும். முன்பு இது கையால் தொடக்கூடிய ஓர் அட்டையாக இருந்தது. இன்று பல இடங்களில் அப்படி இல்லை. ஒரு பெரிய கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் மெய்நிகர் கணினிக்கு, அந்த மென்பொருளே வழங்கும் மெய்நிகர் அட்டையாக அது இருக்கிறது.

சிறிய செய்தியாகத் தோன்றும் இந்த இரண்டாம் வாயிலுக்கு ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. தொடக்கத்தில் அது இரு வலைகளை இணைப்பதற்காகப் பிறந்தது. பின்னர் அதே இரு வலைகளைப் பிரித்து வைப்பதற்கும் பயன்பட்டது. எந்த வேலையை அது செய்கிறது என்பதைக் கணினியில் நாம் எழுதும் சில வரி அமைப்பே தீர்மானிக்கிறது. இயந்திரங்களும் உலைகளும் கணினிக் கட்டளைக்குக் கட்டுப்படும் தொழிற்பேட்டைகளில் அந்தச் சில வரிகளின் சரியும் தவறும் மனிதர்களின் பாதுகாப்பைத் தொடுகின்றன. அவ்வரலாற்றை மாணவர்களுக்கு விளங்கும் வகையில் இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

ஒரு தொழிற்பேட்டை, இரு வலைகள்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப் பாதையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் அமைந்த ஊர் கும்மிடிப்பூண்டி. 1997-இல் பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டைகள் கும்மிடிப்பூண்டியிலும் அருகிலுள்ள தேர்வாய்கண்டிகையிலும் உள்ளன. திருவள்ளூர் நகரை ஒட்டிய காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. எஃகு, வேதிப்பொருள், வாகன உதிரிபாகம் எனப் பலவகை ஆலைகள் இப்பகுதியில் இயங்குகின்றன.

இன்றைய ஆலை எதை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் பொதுவாக இரண்டு வலைகள் இருக்கும். ஒன்று அலுவலக வலை. கணக்கு, ஜிஎஸ்டி பில், வருகைப் பதிவு, மின்னஞ்சல் ஆகியவை அதில் நடக்கும். இது இணையத்தோடு சேர்ந்தது. மற்றொன்று இயந்திர வலை. உலையின் வெப்பம், மோட்டாரின் வேகம், வால்வின் திறப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி எனும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும், அவற்றைத் திரையில் காட்டும் ஸ்காடா கணினிகளும் இதில் இருக்கும்.

இயந்திர வலையின் மொழிகள் பழையவை. எடுத்துக்காட்டாக, இன்றும் பரவலாக வழங்கும் மாட்பஸ் நெறிமுறையை மாடிகான் நிறுவனம் 1979-இல் வெளியிட்டது. அதில் கடவுச்சொல் கிடையாது. கேட்பவர் யார் என்று அது பார்ப்பதில்லை; வால்வைத் திற என்று கட்டளை வந்தால் திறக்கும். ஆலைச் சுவருக்குள் ஓடும் ஒரு கம்பியை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட மொழி அது. அந்தக் கம்பி ஒருநாள் உலகம் முழுவதையும் தொடும் என்று அன்று எவரும் கருதவில்லை.

ஆனால் இவ்விரு வலைகளையும் முற்றிலும் தனித்தனியே வைத்திருக்கவும் முடியவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது. இரும்பு எஃகு, அனல்மின், உரம், சாயப்பொருள், மருந்து, எண்ணெய்ச் சுத்திகரிப்பு முதலிய 17 வகைத் தொழில்கள் தம் புகையையும் கழிவுநீரையும் தொடர்ந்து அளக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும்; அளவுகளை இணையம் வழியே வாரியங்களுக்கு அனுப்ப வேண்டும். மக்கள் சுவாசிக்கும் காற்றின் நலனுக்காக வந்த நல்ல ஏற்பாடு இது. அதன் விளைவாக, புகைபோக்கியின் அருகில் இருக்கும் அளவுகருவியையும் வெளியுலக இணையத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய ஏதோ ஒரு கணினி தேவைப்பட்டது. இரண்டு வாயில் உள்ள கணினி அதற்கு எளிய விடையாகத் தோன்றியது. அந்த விடையின் நன்மையையும் ஆபத்தையும் புரிந்துகொள்ள அதன் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

இணைப்பதற்காகப் பிறந்தது

1969 அக்டோபர் 29 அன்று ஆர்ப்பாநெட் வலையில் முதல் செய்தி சென்றது. அடுத்த சில ஆண்டுகளில் வேறு வகை வலைகளும் தோன்றின. வானொலி அலைகளில் இயங்கும் வலை, செயற்கைக்கோள் வழியே இயங்கும் வலை, ஒரே கட்டடத்துக்குள் இயங்கும் ஈதர்நெட் எனப் பல. ஈதர்நெட் பற்றிய குறிப்பை இராபர்ட் மெட்காஃப் 1973 மே மாதத்தில் எழுதினார். ஒவ்வொரு வலைக்கும் வேகம் வேறு. ஒரு பொட்டலத்தில் அடங்கும் தரவின் அளவு வேறு. முகவரி இடும் முறையும் வேறு.

இவற்றை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்விக்கு விண்ட் செர்ஃப், பாப் கான் ஆகிய இருவரும் 1974 மே மாதத்தில் வெளியிட்ட கட்டுரையில் விடை தந்தனர். எந்த வலையையும் மாற்ற வேண்டியதில்லை. இரு வலைகளின் எல்லையில் ஒரு கணினியை நிறுத்தினால் போதும். அதன் ஒரு கால் இந்த வலையில், மற்றொரு கால் அந்த வலையில். இங்கு வாங்கியதை அங்கு கொடுக்கும். இதை அவர்கள் நுழைவாயில் என்றனர். இன்று நாம் ரவுட்டர் என்று அழைக்கும் கருவியின் முன்னோடி அதுவே. இரண்டாம் பிணைய இடைமுகம் என்னும் கருத்து இங்கே பிறக்கிறது.

1977 நவம்பர் 22 அன்று இக்கருத்து சோதித்துப் பார்க்கப்பட்டது. சான்பிரான்சிஸ்கோ பகுதியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேனிலிருந்து புறப்பட்ட தரவு, வானொலி வலை, ஆர்ப்பாநெட், செயற்கைக்கோள் வலை ஆகிய மூன்றையும் கடந்து, ஐரோப்பா வரை சென்று, மீண்டும் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியை அடைந்தது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் முழுவதும் டிசிபி/ஐபி நெறிமுறைக்கு மாறியது. அதே ஆண்டில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் 4.2 பதிப்பு இந்நெறிமுறையோடு வெளிவந்தது. பல்கலைக்கழகங்கள் ஒரு யூனிக்ஸ் கணினியில் இரண்டு அட்டைகளைச் செருகி, இரு துறைகளின் வலைகளைச் சுலபமாக இணைத்துக்கொண்டன.

1989: இரண்டு வாயில் இருந்தால் மட்டும் போதாது

இந்தச் சுலபத்திலேயே ஒரு சிக்கலும் இருந்தது. இரண்டு அட்டை இருப்பதால் மட்டுமே ஒரு கணினி தானாக நுழைவாயிலாக மாறலாமா? அதன் உரிமையாளர் வேறு ஏதோ காரணத்துக்காக இரண்டாவது அட்டையை வைத்திருக்கலாம். பிறர் தரவைக் கடத்திவிடும் வேலையை அவர் விரும்பாமல் இருக்கலாம்.

1989 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 1122 என்ற இணையத் தர ஆவணம் இக்கேள்விக்குத் தெளிவான விடை கூறியது. ஒன்றுக்கு மேற்பட்ட இடைமுகம் இருக்கிறது என்பதற்காக ஒரு கணினி தானாகவே நுழைவாயிலாக இயங்கக் கூடாது. கடத்தும் வேலைக்கு ஒரு சுவிட்சு இருக்க வேண்டும். அது தொடக்கத்தில் அணைந்தே இருக்க வேண்டும். அக்கணினியை நடத்துபவர் இவ்வேலையை விரும்பாதவராகவோ, அதற்குரிய திறன் பெறாதவராகவோ இருக்கலாம் என்பதே ஆவணம் கூறிய காரணம். இரண்டாம் இடைமுகத்தின் வரலாற்றில் இதுவே திருப்புமுனை. அன்று முதல் இரண்டு வாயில் இருப்பது ஒரு செய்தி, இரண்டு வாயிலுக்கும் இடையே நடைபாதை திறந்திருப்பது வேறு ஒரு செய்தி என்று ஆயிற்று.

அதே ஆவணம் இன்னொரு நுட்பத்தையும் பேசியது. ஒரு வீட்டுக்குக் கிழக்கு வாசல், மேற்கு வாசல் என இரண்டு இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனிக் கதவு எண் உண்டு என்று கொள்வோம். கிழக்கு வாசல் எண்ணுக்கு வந்த தபால் மேற்கு வாசலில் வந்து நின்றால் வாங்கிக்கொள்ளலாமா? வாங்கலாம் என்பது தளர்ந்த முறை. கூடாது என்பது கண்டிப்பான முறை. இரண்டுக்கும் ஆவணம் இடம் கொடுத்தது. லினக்ஸ் இயல்பாகத் தளர்ந்த முறையைப் பின்பற்றுகிறது. இதை அறியாமல் இரண்டாம் முகவரி தனி அறையில் பூட்டி வைக்கப்பட்டது என்று நம்புபவர் ஏமாறுவார்.

இதற்கு ஓராண்டு முன்பு, 1988 நவம்பர் 2 அன்று, மாரிஸ் புழு என்ற நிரல் இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியிருந்தது. அறிமுகமானவர்கள் மட்டுமே புழங்கும் இடமாக இணையத்தைக் கருதிய காலம் அத்தோடு முடிந்தது. ஏடி அண்டு டி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் பில் செஸ்விக் அமைத்த பாதுகாப்பான நுழைவாயிலைப் பற்றி 1990-இல் கட்டுரை எழுதினார். அவரும் ஸ்டீவன் பெல்லோவினும் எழுதிய தீச்சுவர் பற்றிய நூல் 1994-இல் வெளிவந்தது. தீச்சுவர் என்பது ஃபயர்வால். இரண்டு வாயிலும் உண்டு, ஆனால் நடுவில் தரவு தானாகக் கடக்காது, ஒவ்வொரு வேலையையும் ஓர் இடையாள் நிரல் பார்த்து முடிக்கும் என்ற வகைக் கணினி பாதுகாப்பு நூல்களில் இடம்பெற்றது. இணைக்கப் பிறந்த கணினி காவலாளி ஆகிவிட்டது.

தமிழ்நாட்டில் பிரவுசிங் சென்டர் காலம்

இந்தியாவில் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான எர்நெட் திட்டம் 1986-இல் தொடங்கியது. சென்னை ஐஐடி அதில் பங்குபெற்றது. பொதுமக்களுக்கான இணைய சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சிற்றூர்ப் பேருந்து நிலையங்களின் அருகில்கூட பிரவுசிங் சென்டர்கள் திறக்கப்பட்டன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் அங்கு நின்ற கூட்டத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சென்டர்களில் ஓர் எளிய கேள்வி எழுந்தது. இணைய இணைப்பு ஒன்று. கணினிகள் ஐந்தோ பத்தோ. என்ன செய்வது? ஒரு கணினியை முன்னால் வைத்தார்கள். அதன் ஒரு பக்கம் மோடம். மறு பக்கம் நெட்வொர்க் கார்டு. மற்றக் கணினிகள் அந்த அட்டையின் வழியே வந்தன. 1999-இல் வெளியான விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைப்பைப் பகிரும் வசதியே சேர்க்கப்பட்டிருந்தது. அதை இயக்கினால் உட்பக்க அட்டைக்கு 192.168.0.1 என்ற முகவரி தானாக வந்துவிடும். தனியார் வலைகளுக்கென ஒதுக்கப்பட்ட இத்தகைய முகவரிகளை 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 வரையறுத்தது. இரண்டு வாயில் உள்ள கணினியைத் தமிழ்நாட்டுச் சிறு வணிகர்கள் பலர் முதலில் கண்டது இப்படித்தான். பெயர் தெரியாமலே அதை இயக்கினார்கள்.

2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ கடலடிக் கம்பி இயங்கத் தொடங்கியது. 2015-இல் மைக்ரோசாஃப்ட் தன் மேகக் கணிமைச் சேவையின் தென்னிந்திய மையத்தைச் சென்னையில் திறந்தது. நம் அலுவலகங்களின் கணினிகள் மெல்ல மெல்ல மேசையை விட்டு இத்தகைய மையங்களுக்கும், ஆலையின் மூலையில் இருக்கும் ஒற்றை சர்வருக்கும் இடம் பெயர்ந்தன. அங்கு அவை மெய்நிகர் கணினிகளாக வாழ்கின்றன.

அட்டை இல்லாத அட்டை

மெய்நிகர் கணினி புதிய கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இணையத்தைவிட மூத்தது. ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் 1960-களில் சிபி-40 என்ற அமைப்பு உருவானது. ஒரே கணினியைப் பல பயனர்களுக்குப் பல கணினிகளாகக் காட்டியது அது. 1972-இல் ஐபிஎம் விஎம்/370 என்ற பெயரில் இதை விற்பனைக்கு அறிவித்தது.

சிறிய கணினிகளுக்கு இவ்வசதி வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1998-இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் அடுத்த ஆண்டு தன் முதல் மென்பொருளை வெளியிட்டது. 2003-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து சென் வந்தது. 2007-இல் கேவிஎம் லினக்ஸின் உட்கருவிலேயே இடம்பெற்றது. மாணவர்கள் விரும்பிப் பயன்படுத்தும் வர்ச்சுவல்பாக்ஸ் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். 2011 டிசம்பரில் அமேசான் தன் மேகக் கணிமைச் சேவையில், ஒரு கணினிக்குக் கூடுதல் இடைமுகங்களைத் தேவைப்படும்போது சேர்க்கவும் கழற்றவும் வசதி தந்தது.

இதனால் ஒரு பெரிய மாற்றம் நேர்ந்தது. பழைய கணினியில் இரண்டாவது வலையோடு சேர வேண்டுமானால் மூடியைத் திறந்து, அட்டையைச் செருகி, ஒரு கேபிளை இழுத்து வர வேண்டும். அலுவலக வலைக்கு ஒரு நிறக் கேபிளும் இயந்திர வலைக்கு வேறு நிறக் கேபிளும் போட்டிருந்தால், தவறான இடத்தில் செருகியது கண்ணுக்குத் தெரியும். மெய்நிகர் கணினியில் அட்டையும் இல்லை, கேபிளும் இல்லை. திரையில் ஒரு பட்டியல் விரிகிறது. அதில் எந்த வலை என்று தேர்ந்தெடுக்கிறோம். ஒரு வரி மேலேயோ கீழேயோ தவறினால், உலையின் வலையில் இருக்க வேண்டிய கணினி அலுவலக வலையில் போய் நிற்கும். பார்க்க எதுவும் மாறியிருக்காது.

கூடங்குளம் கற்பித்த பாடம்

இரு வலைகளையும் பிரித்து வைப்பது ஏன் தேவை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2019 அக்டோபர் இறுதியில், கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பான கணினியில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி வலையோடு இணைக்கப்படாதவை என்று நிலையம் முதலில் அறிவித்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் விளக்கம் வெளியிட்டது. தங்கள் கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை. செப்டம்பர் 4 அன்றே இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் இதைத் தெரிவித்தது. பாதிக்கப்பட்ட கணினி, நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு சேர்ந்த வலையில் இருந்த ஒரு பயனருடையது. முக்கியமான உள் வலை அதிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தது. ஆலை அமைப்புகள் பாதிக்கப்படவில்லை.

இச்செய்தியில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. தீநிரல் அலுவலக வலைக்குள் வந்துவிட்டது. எவ்வளவு கவனமாக இருந்தாலும், மின்னஞ்சல் பார்க்கும் இடத்துக்கு என்றாவது ஒருநாள் அது வரும். அங்கிருந்து அடுத்த அறைக்குப் போக வழி இருந்ததா என்பதே அடுத்த கேள்வி. வழி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைன் நாட்டில் நடந்தது சான்று. அலுவலகக் கணினிகளில் முதலில் புகுந்தவர்கள், அங்கிருந்து மின் விநியோகக் கட்டுப்பாட்டு வலைக்குள் நுழைந்து, சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள்.

மறு பக்கமும் உண்டு. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இணையத்தோடு சேராத ஈரானிய அணு ஆலையின் இயந்திரங்களையும் தாக்கியது. அது பென்டிரைவ் வழியே பரவக்கூடியது. ஆகவே வலைகளைப் பிரித்து வைப்பது தேவை. ஆனால் பிரித்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

அமைக்கும் முறை

இரண்டாம் இடைமுகத்தை அமைப்பது எப்படி என்பதை மாணவர்கள் வீட்டுக் கணினியிலேயே செய்து பழகலாம். வர்ச்சுவல்பாக்ஸும் லினக்ஸும் இலவசமாகக் கிடைக்கின்றன.

முதற்படி, மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு அதன் அமைப்புகளில் இரண்டாவது அட்டையை இயக்குவது. முதல் அட்டை இயல்பாக நாட் வகையில் இருக்கும். அது இணையத்துக்குச் செல்லும் வாயில். இரண்டாவதை ஹோஸ்ட்-ஒன்லி வகையாகத் தேர்ந்தால், அது நம் கணினிக்கும் மெய்நிகர் கணினிக்கும் இடையே மட்டும் ஓடும் தனி வலை ஆகும். இதை இயந்திர வலை என்று பாவித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி, உள்ளே சென்று பெயரைக் கண்டறிவது. பழைய லினக்ஸில் அட்டைகளின் பெயர் ஈத்0, ஈத்1 என இருந்தது. எந்த அட்டையைக் கணினி முதலில் கண்டதோ அது 0 ஆகிவிடும். மறுமுறை இயக்கும்போது இரண்டும் இடம் மாறவும் கூடும். தீச்சுவர்க் கணினியில் உள் வாயிலும் வெளி வாயிலும் இடம் மாறினால் விளைவு என்ன என்று எண்ணிப் பாருங்கள். இக்குறையைப் போக்க 2013-இல் புதிய பெயரிடும் முறை வந்தது. வர்ச்சுவல்பாக்ஸில் முதல் அட்டை இஎன்பி0எஸ்3 என்றும், இரண்டாவது இஎன்பி0எஸ்8 என்றும் தோன்றும். 3, 8 என்பவை அட்டை செருகப்பட்ட இடத்தின் எண்கள். இடம் மாறாதவரை பெயரும் மாறாது. ஐயம் இருந்தால் அட்டையின் நிலை முகவரியை மேலாண்மைத் திரையில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். வர்ச்சுவல்பாக்ஸ் அட்டைகளின் முகவரி 08:00:27 என்று தொடங்கும்.

மூன்றாம் படி, இரண்டாவது அட்டைக்கு நிலையான முகவரி கொடுப்பது. ஹோஸ்ட்-ஒன்லி வலையில் நம் கணினிக்கு இயல்பாக 192.168.56.1 இருக்கும். ஆகவே மெய்நிகர் கணினிக்கு 192.168.56.10 என்று கொடுக்கலாம், முகமூடி 255.255.255.0. இதை உபுண்டுவில் நெட்பிளான் கோப்பில் எழுதிச் சேமிக்க வேண்டும். கட்டளையாக மட்டும் கொடுத்தால் கணினியை மறுபடி இயக்கியதும் மறைந்துவிடும்.

நான்காம் படிதான் முக்கியம். இரண்டாவது அட்டைக்கு நுழைவாயில் முகவரி எதையும் கொடுக்கக் கூடாது.

ஏன் கூடாது என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டி நீர்த்தேக்கத்தையே எடுத்துக்காட்டலாம். 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஏரிக்குக் கொசஸ்தலை ஆற்று நீரும் வருகிறது. ஆந்திராவிலிருந்து கால்வாய் வழியே கிருஷ்ணா நீரும் வருகிறது. வரும் வழி இரண்டு இருப்பதில் குழப்பம் இல்லை. ஆனால் சென்னைக்குக் குடிநீர் அனுப்பும்போது, அது எந்தக் கால்வாயில் போக வேண்டும் என்பது முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும். கணினியிலும் அப்படியே. தனக்கு நேரடியாகத் தெரியாத எல்லா முகவரிகளுக்கும் தரவை அனுப்பும் வழி இயல்பு வழி எனப்படும். இரண்டு அட்டைக்கும் நுழைவாயில் கொடுத்தால் இயல்பு வழி இரண்டாகிவிடும். இணையத்துக்குப் போக வேண்டிய தரவு இயந்திர வலையின் பக்கம் போய் நிற்கும். ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. இரண்டு வாயிலுக்கும் உண்மையாகவே தனித்தனி வழி தேவைப்பட்டால், 1999-இல் லினக்ஸ் 2.2 பதிப்போடு பரவலான பல வழி அட்டவணை முறையைப் பயன்படுத்த வேண்டும்.

ஐந்தாம் படி, சரிபார்ப்பது. வழி அட்டவணையைப் பார்த்தால் இயல்பு வழி ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். அது முதல் அட்டையைக் காட்ட வேண்டும். அதன்பின் ஐபி ஃபார்வர்ட் என்ற மதிப்பைப் பார்க்க வேண்டும். 1989 ஆவணம் சொன்ன அந்தச் சுவிட்சு இதுதான். 0 என்றால் அணைந்திருக்கிறது. 1 என்றால் இக்கணினி இரு வலைகளையும் இணைக்கும் பாதை ஆகிவிட்டது. டாக்கர் போன்ற சில மென்பொருள்கள் தம் வேலைக்காக இதை 1 ஆக்கிவிடும். ஆகவே புதிதாக எதை நிறுவினாலும் அதன்பின் மறுபடி பார்ப்பது நல்லது.

இன்றைய நிலை

எல்லாம் சரியாக அமைத்த இரட்டை வாயில் கணினியை அலுவலக வலைக்கும் இயந்திர வலைக்கும் நடுவே நேரடியாக நிறுத்தலாமா? வேண்டாம் என்பதே இன்றைய அறிவுரை. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கான தன் வழிகாட்டியில், தீச்சுவர் தவிர வேறு எந்தக் கணினியும் இவ்விரு வலைகளிலும் கால் வைத்து நிற்கக் கூடாது என்று கூறியது. காரணம் எளிது. அக்கணினியின் சுவிட்சு அணைந்திருந்தாலும், தீநிரல் அக்கணினிக்குள்ளேயே புகுந்துவிட்டால் இரண்டு வாயிலும் அதன் கையில். சுவிட்சை அதுவே போட்டுக்கொள்ளும்.

அதற்கு மாற்றாக, நடுவே மூன்றாவது வலை ஒன்றை அமைக்கிறார்கள். இயந்திர வலைக்கும் இதற்கும் இடையே ஒரு தீச்சுவர். இதற்கும் அலுவலக வலைக்கும் இடையே மற்றொரு தீச்சுவர். புகைபோக்கி அளவுகளைச் சேர்த்து வைக்கும் மெய்நிகர் கணினி இந்த நடு வலையில் இருக்கும். இயந்திரப் பக்கத்திலிருந்து அளவு அதற்கு வரலாம். அதிலிருந்து இயந்திரப் பக்கத்துக்குக் கட்டளை போகாது. இன்னும் கண்டிப்பான இடங்களில், ஒளியிழையில் ஒரு திசையில் மட்டுமே தரவு செல்லும் ஒருவழிக் கருவியை வைக்கிறார்கள். அதில் திரும்பி வருவதற்குப் பாதையே இல்லை.

அப்படியானால் இரண்டாம் இடைமுகத்துக்கு வேலை இல்லையா? உண்டு. நிர்வாகப் பணிக்குத் தனி வலை, காப்புநகல் எடுக்கத் தனி வலை, சேமிப்பகத்துக்குத் தனி வலை என ஒரே நம்பிக்கை நிலையில் உள்ள வலைகளுக்கு அது இன்றும் அன்றாடக் கருவி. வேறு வேறு நம்பிக்கை நிலையில் உள்ள வலைகளை அதைக் கொண்டு தொடுக்கும்போதுதான் கவனம் வேண்டும்.

சட்டமும் இப்போது இதைக் கவனிக்கிறது. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணையின்படி, வரையறுக்கப்பட்ட கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளை நிறுவனங்கள் அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிகளின் செயல்பாட்டுப் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாத்து வைக்க வேண்டும்.

முடிவுரை

2019-இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் பிணையம், நெறிமுறை, கேபிள் அமைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பாடங்கள் உண்டு. கேபிள் முனையை கிரிம்ப் செய்யக் கற்கும் மாணவர் நாளை கும்மிடிப்பூண்டியிலோ காக்களூரிலோ ஓர் ஆலையின் கணினிப் பிரிவில் சேரலாம். புதிய மெய்நிகர் கணினி ஒன்றுக்கு இரண்டாவது அட்டை சேர்த்துக் கொடு என்று ஒருநாள் அவரிடம் கேட்பார்கள். ஐந்து நிமிட வேலை. பட்டியலில் ஒரு வலையைத் தேர்ந்து, முகவரி ஒன்றை எழுதி முடித்துவிடலாம்.

அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த வாயில் எதற்கு, இரு வலைகளையும் சேர்ப்பதற்கா, பிரித்து வைப்பதற்கா? 1974-இல் முதல் விடையும் 1989-இல் இரண்டாம் விடையும் எழுதப்பட்டன. கேட்டவருக்கே விடை தெரியவில்லை என்றால், தெரியும்வரை அந்த அட்டையைச் சேர்க்காமல் இருப்பதே சரி. இரும்பை உருக்கும் உலையின் முன்னால் நின்று வேலை செய்பவருக்கு இந்த வரலாறு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவருக்காக அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர் கணினியின் முன்னால் அமர்ந்திருப்பவர்.